இருபதைத் தாண்டாத லாரி

எங்கள் தொழிலில் வண்டியோடு வருபவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா போகமாட்டேங்குது."

டீசல் வண்டி வைத்திருக்கும் என் சக கஷ்டவாளிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக நாலு வரி. இப்போது வரும் லாரி, பஸ்களில் புகையைச் சுத்தம் செய்யத் தனி ஏற்பாடு இருக்கிறது. நீல மூடி போட்ட சின்ன டேங்கில் யூரியா திரவம் ஊற்றவேண்டும். அது புகைக்குழாய்க்குள் தெளிக்கப்படும். வெளியே போகும் புகை யோக்கியமாகத்தான் போகிறதா என்று சென்சார்கள் மோந்து பார்த்துக்கொண்டே இருக்கும். புகையில் கோளாறு என்றாலும் சரி, மோப்பத்தில் கோளாறு என்றாலும் சரி, முதலில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் என்ஜின் பலம் குறையும். அதையும் பொறுத்துக்கொண்டு ஓட்டினால், மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் வண்டி நகராது. நம் ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'லாக்'. ஆம்பூர் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில், சேகர் அண்ணன் ஒர்க் ஷாப்பில், லேப்டாப்பை மாட்டி இந்த லாக்கை எடுப்பது என் வேலை.

சைக்கிள் முந்திய லாரி

நயீம் பாய் சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர். திருப்பத்தூரில் உப்பு போட்ட பச்சைத் தோலை ஏற்றி, மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஒரு டேனரிக்குக் கொண்டுபோவார். வாரத்துக்கு மூன்று நடை. அந்த ஒரு டேனரி லோடுதான் அவர் குடும்பத்துக்குச் சோறு. பச்சைத் தோல் வெயிலில் நின்றால் முடி உதிரும். முடி உதிர்ந்தால் தோல் கெட்டது என்று அர்த்தம். அதுவும் போக, அங்கே லோடு இறக்கும் ஆட்கள் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். நேரத்துக்கு வராத வண்டியை டேனரி ரொம்ப நாள் வைத்துக்கொள்ளாது.

முதல் தடவை அவர் வண்டி வாணியம்பாடி தாண்டியதும் லாக் ஆகிவிட்டது. அங்கிருந்து எங்கள் ஒர்க் ஷாப் வரை இருபதிலேயே வந்திருக்கிறார். சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பெண்கள் அவரை முந்தினார்களாம். முந்தியதோடு விடாமல் திரும்பி டாட்டா வேறு காட்டினார்களாம். லேப்டாப்பை மாட்டினேன். புகைக்குழாய் நுனியில் மோந்து பார்க்கும் நாக்ஸ் சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்றது. சென்சாரை மாற்றினேன், லாக் போய்விட்டது. அன்றைக்கு லோடு தாமதம்தான், ஆனால் போய்ச் சேர்ந்தது. என்ன செய்தேன் என்று பாயிடம் விவரமாகச் சொன்னேன். எனக்குக் குரல் கொஞ்சம் சன்னம். பக்கத்தில் கம்ப்ரஸர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு பாய் சொன்னார்: "தம்பி, நீ இவ்ளோ நேரம் சொன்னது என் காதுல ஒண்ணும் விழல. வண்டி காதுல விழுந்துச்சே, அது போதும்."

நெல்லுக்குப் போட்டது

அடுத்த நாலாம் நாள் ஒடுகத்தூரிலிருந்து முனிரத்தினம் என்று ஒரு விவசாயி தன் மினி லாரியைக் கொண்டுவந்தார். கடலை மூட்டையோடு வேலூர் போன வண்டி, பாதி வழியில் இழுக்கவில்லை. நீல மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த திரவம் கலங்கலாக இருந்தது. பம்ப்பைக் கழற்றினால் அதன் மேலெல்லாம் கல்கண்டு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. "ஐயா, இதுல இன்னா ஊத்துனீங்க?" என்று கேட்டேன். ஒளிவுமறைவு இல்லாத மனிதர். சொசைட்டியில் வாங்கிய யூரியாவை நாலு படி அள்ளி, போர் தண்ணீரில் கலக்கி, வேட்டியில் வடிகட்டி ஊற்றினேன் என்றார். வடிகட்டியதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

வண்டிக்கு ஊற்றும் யூரியா வேறு தினுசு, உப்புத்தன்மை துளியும் இல்லாத தண்ணீரில் அளந்து கலப்பது, போர் தண்ணீர் ஆகாது என்று சொன்னேன். டேங்கைக் கழுவி, பம்ப்பைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் காப்பாற்ற ஒரு முழு நாள் ஆனது. அன்றைக்கு என் மனதில் ஒன்று நன்றாகப் பதிந்துவிட்டது: இந்த வண்டிகளில் வெள்ளையாக எது படிந்தாலும் அது யூரியா. இந்தப் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானத்தை வாங்கப்போவது இதுதான். முனிரத்தினம் ஐயா மட்டும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "அதே யூரியாவதான்யா நெல்லும் குடிக்குது. நெல்லு இன்னைக்கு வரைக்கும் மஞ்ச லைட்டு போட்டதில்ல."

ரெண்டாவது தடவை

ஒன்பதாம் நாள் நயீம் பாய் லாரி மறுபடியும் இருபதில் வந்து நின்றது. அதே மஞ்சள் விளக்கு, அதே சென்சார், அதே புகார். சேகர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பழைய என்ஜின் என்றால் சத்தத்தை வைத்தே வியாதி சொல்கிறவர். லேப்டாப்பைக் கண்டால் மட்டும் அவருக்கு இளக்காரம். "இன்னாடா, உன் டிவி இன்னா சொல்லுது? போன வாரம் போட்ட படத்தையே போடுதா?" என்றார்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சென்சார் ஒயர் வண்டி ஒயரோடு சேரும் இடத்தில் கனெக்டர் இருக்கும். அதன் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. ஆகா, யூரியா குழாய் எங்கோ கசிகிறது என்று முடிவு கட்டினேன். குழாய்க்குப் புது வாஷர் போட்டு இறுக்கினேன். கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். விளக்கு அணைந்தது. எனக்கு ரொம்பத் திருப்தி. ஆனால் அதற்குள் மணி நாலரை. பாய் டேனரி சூப்பர்வைசருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். லோடு இன்றைக்கு இறங்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பக்கம் கோபம் எதுவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "பாய், இதோட ரெண்டாச்சு. மூணாவது தடவ எனக்கு போன் பண்ணாதீங்க. நான் வேற வண்டிக்கு போன் பண்ணிக்கிறேன்."

பஸ்ஸுக்கு ஓய்வு

நயீம் பாய் லாரி திரும்ப வந்துவிடுமோ என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டாஃப் பஸ்ஸுக்காகக் கூப்பிட்டார்கள். இதில் வேறு சங்கதி. புகையில் இருக்கும் கரியை ஒரு வடிகட்டி பிடித்துவைத்து, வண்டி ஓடும்போதே சூடேற்றி எரித்துவிடும். ஆனால் அந்த பஸ் டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ஜினை அணைப்பவர். எரிய ஆரம்பிப்பதும் அணைவதுமாகக் கரி சேர்ந்து, மேம்பாலத்தில் பஸ் திணறிவிட்டது. உள்ளே இருந்த வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் இறங்கி நடந்து, பஸ்ஸுக்கு முன்னாலேயே பாலத்தின் அந்தப் பக்கம் போய் நின்றார்களாம்.

சாயங்காலம் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்தி, லேப்டாப்பில் கட்டளை கொடுத்துக் கரியை எரிக்கவைத்தேன். என்ஜின் தானாக உறுமும், அனல் அடிக்கும், முக்கால் மணி நேரம் யாரும் தொடக்கூடாது. வீட்டுக்குப் போகவேண்டிய நாற்பது பெண்களும் டிபன் கூடையோடு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பஸ் உள்ளே சேர்ந்த அழுக்கை எரித்து ஓய்வெடுக்கிறது என்று, எனக்குத் தெரிந்த வரையில் எளிமையாகச் சொன்னேன். காலையிலிருந்து மெஷினில் குனிந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்துவிட்டு வந்த செல்வி அக்கா இடுப்பில் கைவைத்துச் சொன்னார்: "பஸ்ஸுக்கு முக்கா மணி நேரம் ரெஸ்ட்டா? தம்பி, எங்க சூப்பர்வைசர ஒரு தடவ கூட்டிக்கினு வந்து இத காட்டேன்."

வெள்ளைப் பொடி

மூன்றாவது தடவை வந்தேவிட்டது. மதியம் இரண்டரை மணி, நல்ல வெயில். லாரி நிறையத் தோல். நயீம் பாய் கீழே இறங்கினார், வழக்கமாகச் சொல்லும் சலாம்கூட வரவில்லை. ஐந்துக்குள் மேல்விஷாரம் போகவேண்டும். நல்ல ஓட்டத்தில் ஒன்றேகால் மணி நேரம். இருபதில் போனால் மூன்றரை மணி நேரம். அதாவது மூன்றரைக்குள் வண்டி இங்கிருந்து கிளம்பவேண்டும். "வேற லாரி ஒண்ண கூப்ட்டு மாத்தி ஏத்தி அனுப்பு பாய்" என்றார் சேகர் அண்ணன். பாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வேறு லாரி ஒருதடவை அந்த கேட்டுக்குள் போய்விட்டால், அப்புறம் அதுதான் போய்க்கொண்டிருக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அடியில் படுத்தேன். அதே கனெக்டரில் அதே வெள்ளைப் பொடி. "யூரியா இன்னும் கசியுது பாய்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாய் லுங்கியை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார். பொடியை விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தார். மோந்தார். பிறகு, நான் தடுப்பதற்குள், நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார். "இது யூரியா இல்ல தம்பி. இது நம்ம தோலு உப்பு" என்றார். முப்பது வருஷமாக அந்த உப்பை மூட்டை மூட்டையாகப் பார்த்த மனிதர். சொல்லி வாய் மூடவில்லை, கனெக்டர் மேல் ஒரு சொட்டு விழுந்தது. இருவரும் அண்ணாந்து பார்த்தோம். லாரி பாடியின் ஓட்டைக்குக் கீழே, பழைய டயர் டியூபை வெட்டிச் செய்த ஒரு சின்ன வாய்க்கால், உப்புத் தண்ணீரை அழகாகக் கொண்டுவந்து ஒயர் மேல் விட்டுக்கொண்டிருந்தது.

அதைக் கட்டியது பாய்தான். இரண்டு மாசத்துக்கு முன்னால் ஆம்பூரில் சிக்னலில் நின்றபோது, பக்கத்தில் அப்பா பைக்கில் உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் வெள்ளைச் சட்டையில் தோல் தண்ணீர் சொட்டிவிட்டதாம். அந்தப் பெண் சட்டையைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கே டியூபை வெட்டி, தண்ணீர் யார் மேலும் படாமல் வண்டிக்கு அடியிலேயே விழும்படி கட்டிவிட்டார். உப்பு கனெக்டரின் பித்தளை முனைகளை அரித்துவிட்டது. நான் கழற்றி மாட்டும்போதெல்லாம் முனைகள் உரசிச் சுத்தமாகும், சில நாள் ஓடும், மறுபடியும் அரிக்கும். இதைச் சொன்னதும் பாய் டியூபையும் கனெக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்: "அரே, அந்தப் பொண்ணு சட்டைய காப்பாத்தப் போயி, என் வண்டிக்கு நானே ஊறுகா போட்டுக்கினு இருந்திருக்கேன்!"

மூன்றரை மணி

அரித்த கனெக்டரை இனித் துடைத்துப் பயனில்லை, வெட்டி எறியவேண்டும். சேகர் அண்ணன் உள்ளே போய், விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியின் ஒயர் கட்டிலிருந்து நல்ல கனெக்டரைத் தேடி எடுத்துவந்தார். மல்லாந்து படுத்து, நாலு ஒயரையும் நிறம் பார்த்துச் சேர்த்து, ஈயம் வைத்து, மேலே ரப்பர் சுற்றிக் கட்டினார். அந்தக் கை வேகம் எனக்கு வர இன்னும் வருஷங்கள் ஆகும். நான் டியூபை அவிழ்த்து, வாயைப் பின்பக்கம் திருப்பி, அடியில் ஒரு கேனைத் தொங்கவிட்டேன். யார் சட்டைக்கும் சேதம் இல்லை, ஒயருக்கும் இல்லை.

மூன்று பத்துக்கு என்ஜின் உறுமியது. சென்சார் சூடாகி மோந்து பார்க்கும் வரை காத்திருக்கவேண்டும். அந்த எட்டு நிமிஷமும் மூன்று பேரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் விளக்கு ஒருதடவை சிமிட்டிவிட்டு அணைந்தது. பாய் படியேறி, கதவைச் சாத்தி, கிளம்பிவிட்டார். நாலே முக்காலுக்கு என் போன் அடித்தது. எடுத்தால் பாய் பேசவில்லை. போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் போல. தோல் கட்டுகள் தொப் தொப்பென்று தரையில் விழும் சத்தமும், நடுவில் அந்த சூப்பர்வைசர் குரலும் கேட்டன: "இன்னா பாய், சீக்கிரமே வந்துட்டீங்க? நான் இன்னும் டீயே குடிக்கல!"

பழைய சென்சார்

நான் அன்றைக்கு மூச்சு விட்டேன், ஆனால் முழுசாக இல்லை. அலமாரியில் ஒரு சாமான் உறுத்திக்கொண்டிருந்தது. முதல் தடவை நான் கழற்றிப் போட்ட சென்சார். அதை வேறு வண்டியில் மாட்டிச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. நல்ல சாமானைக் குற்றவாளி ஆக்கி மாற்றியிருக்கிறேன்.

ஒரு மாசம் கழித்து, வண்டிக்கு ஒன்றுமில்லாமல் சும்மா டீ குடிக்க வந்தார் நயீம் பாய். மூன்று நடையும் தவறாமல் போவதாகச் சொன்னார். சென்சாரைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் தொண்டையைச் செருமிக்கொண்டு, சேகர் அண்ணனும் டீக்கடைக்காரரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னேன்: இது நல்ல சென்சார், தப்பு என்னுடையது, வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். பாய் பேப்பரைப் பிரித்துப் பார்த்தார். மறுபடியும் சுற்றினார். டீயை ஒரு வாய் குடித்தார். "நல்லத எல்லாம் மெதுவா சொல்ற, உன் தப்ப மட்டும் ஊருக்கே கேக்கற மாதிரி சொல்ற. இந்தத் தொழில்ல நீ எப்படிப்பா பொழைக்கப் போற?"

எப்படியோ பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் வாசகர்களே: எங்கே வலிக்கிறது என்று லேப்டாப் சொல்லிவிடுகிறது, கிள்ளியது யார் என்பதை வண்டிக்காரர் சொல்லும்வரை அடியில் படுத்துக் காத்திருக்கிறேன்.