அவர் வாயால் கேட்ட என் கதை

ஆரணியில் நான் வேலை செய்யும் பள்ளியில் கணக்கு டீச்சர்தான் எனக்கு நெருக்கம். கல்வி, சமூகம், மாற்றம் என்று எந்தப் புத்தகம் வந்தாலும் வாங்கி மாற்றி மாற்றிப் படிப்போம். கதைப் புத்தகங்கள் என்னை அழவைத்தன. ஏன் அழுதேன் என்று இந்தப் புத்தகங்கள்தான் புரியவைத்தன.

ஓரத்தில் பென்சிலால் எழுதுவது என் பழக்கம். பிள்ளைகள் வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை என்று பேசும் ஒரு புத்தகத்தில், யாரிடமும் சொல்லாததை எழுதிவிட்டேன். நான் ஐந்தாவது படித்தபோது அம்மா எங்கள் பள்ளிக்கூடத்துக்கே கூலிக்கு முள் வெட்ட வந்தாள். ஜன்னலருகே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "யாருடி அது?" என்றாள் பக்கத்திலிருந்தவள். "தெரியாது" என்றேன். அதற்குப் பிறகு வகுப்பில் நான் கை தூக்கியதே இல்லை.

எழுதியதை மறந்து புத்தகத்தை டீச்சரிடம் கொடுத்தேன்.

சேத்துப்பட்டில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் அவர் பேசினார். "நான் அஞ்சாவது படிச்சிகினு இருந்தப்போ எங்கம்மா முள்ளு வெட்ட வந்தாங்க…" அவர் அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. "தெரியாது" என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லாரும் கை தட்ட, நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

திரும்பும் பஸ்ஸில், "அது என் அம்மா, டீச்சர்" என்றேன்.

"உங்க பேரைச் சொன்னா உங்களுக்குத்தானே சங்கடம்? நல்ல விஷயம், நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்னுதான்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இல்லாதவர்களுக்காக நாமே பேசிவிடக் கூடாது, அவர்களைப் பேசவிட வேண்டும் என்று எத்தனை பக்கங்கள் படித்திருக்கிறோம்! அந்த வரிகளை எனக்கு உரக்க வாசித்துக் காட்டியவரே அவர்தான்.

வேறு யாராவது சொல்வதற்குள் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அந்த ஞாயிறே ஊருக்குப் போனேன். முறத்தில் அரிசி புடைத்தபடி முழுவதும் கேட்டாள்.

"அவங்களுக்குத்தான் அம்மா இருக்காங்களே. என்னை எதுக்கு அம்மான்னு சொன்னாங்க?"

நான் "தெரியாது" என்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை.

டீச்சர் இன்னும் என் மேசையில் புத்தகங்களை வைத்துவிட்டுப் போகிறார். நல்ல புத்தகங்கள்தான். படித்து முடித்ததும், அவர் இல்லாத நேரம் பார்த்துத் திருப்பி வைத்துவிடுகிறேன்.