வள்ளத்திலிருந்து வெட்டியெடுத்த தெர்மாகோல்

இந்த ஊரில் படகின் மூடியைத் தலைகீழாகப் போடக் கூடாது. நான் கனடாவின் கிழக்கோரத்தில், நோவா ஸ்கோஷியா என்கிற இந்தக் கடற்கரைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. குளிருக்கு எத்தனை சட்டை போட வேண்டும், பனியில் எப்படிக் கால் ஊன்ற வேண்டும் என்று எல்லாம் சொல்லித் தந்தார்கள், இதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. லாப்ஸ்டர் என்கிற சிங்கிறால் பிடிக்கிற பைபர் படகுகளுக்கு பினிஷிங் செய்கிற பட்டறையில் எனக்கு வேலை. வெறும் கூடாக வந்து இறங்கும் படகை, வாங்கிய மீனவர் கேட்கிறபடி அறை பிரித்து, தளம் போட்டு, தேய்த்து, ஜெல்கோட் என்கிற பளபளப்புப் பூச்சுப் பூசிக் கொடுப்போம். ஒருநாள் மீன் அறையின் மூடிக்கு உள்பக்கம் பூசிவிட்டு, காயட்டும் என்று தளத்தின்மேல் தலைகீழாக வைத்திருந்தேன். படகுக்காரர் வேய்ன் வந்தார். அறுபது வயது, ஆள் நல்ல தடி. மூடியைப் பார்த்ததும் "நோ, நோ!" என்று அலறிக்கொண்டு ஓடினார். வேலை பிடிக்கவில்லைபோல என்று நினைத்து, "இன்னும் காயல்ல சார்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினேன். அவர் கேட்டால்தானே? ஈரத்தோடு பிடித்து ஒரே புரட்டு. நான் ரெண்டு நாள் தேய்த்த தளம் முழுக்க ஜெல்கோட் அப்பிவிட்டது.

அட பாவி மனுஷா! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மேஸ்திரி கார்ல்தான் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். மூடி தலைகீழாகக் கிடந்தால் படகும் அப்படியே கவிழும் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஊரில் புது வள்ளத்துக்குச் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்காமல் ஒருத்தன் கால் வைப்பானா? வெள்ளைக்காரனும் நம்மளைப் போலத்தான் என்று நினைத்தேன். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் தென்கோடிக் கடற்கரையிலுள்ள இனயத்துக்காரன். பக்கத்துக் குளச்சலில் ஒரு பட்டறையில் இதே வேலைதான் பார்த்தேன், வள்ளம் சின்னது என்பதைத் தவிர வித்தியாசம் இல்லை. நம்ம பைபர் வள்ளத்தில் முன்னாலும் பின்னாலும் மூடிய பெட்டி ஒன்று உண்டு. உள்ளே தெர்மாகோல் அடைத்து, காற்றுகூடப் போகாமல் பூசிவிடுவோம். அலை அடித்து வள்ளம் கவிழ்ந்தாலும் அது தாழவிடாது, விழுந்தவர்கள் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். இது தெரியாத மீனவர் எங்கள் கரையில் இல்லை. தெரிந்தும் அந்த இடத்தின்மேல் எல்லோருக்கும் ஒரு கண். என் அக்கா ஸ்டெல்லாவின் கணவர், சேவியர் அத்தானுக்கும்தான்.

"ஏலே மக்கா, பின்னால உள்ள பெட்டிய வெட்டிக் குடு. ரெண்டு நாள் கடல்ல கெடக்கணும், ஐஸ் வைக்க எடம் காணல்ல."

"அது மிதக்கதுக்கு உள்ளதாக்கும் அத்தான்."

"முப்பது வருசமா கடலுக்குப் போறவனுக்கு நீ மிதக்கச் சொல்லித் தரியா? வெட்டுகதுதான் வெட்டுக, முன்னால உள்ளதையும் சேத்து வெட்டு."

வெட்டினேன். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்டின தடம் தெரியாதபடி பூசி இழைத்தேன். அத்தான் தடவிப் பார்த்து, "ஒனக்க கை தங்கம்லே" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. எதற்காவது ஆகும் என்று தெர்மாகோலை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அந்த மழைக்காலத்திலேயே வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போன ரெண்டு பேர் காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்து தப்பினார்கள். ஒரு பரலோக மந்திர ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் வள்ளம் தாழ்ந்துவிட்டது என்றார்கள். அத்தானின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊரே சொன்னது, அக்கா முன்னால் நின்று நானும் அதையே சொன்னேன். அடுத்த வருஷம் கனடாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டதும் முதலாவதாகப் பேர் கொடுத்தேன். டாலருக்காகப் போனான் என்று ஊரில் பேச்சு. இருக்கட்டும்.

மூடியைப் புரட்டிய அதே வேய்ன், ஒரு வாரம் கழித்து வந்து பின்தளத்தைக் காட்டினார். சிங்கிறாலை உயிரோடு போட்டு வைக்கிற தொட்டி போதாதாம். தளத்துக்கு அடியில் மிதப்புக்காக நுரை அடைத்திருந்த அறையை வெட்டித் தொட்டியோடு சேர்க்க வேண்டுமாம். முடியாது என்றேன். "இது என் படகு" என்றார். அத்தான் கதையை முழுக்கச் சொல்ல இங்கிலீஷ் எங்கே இருக்கிறது? "சார், போட் சிங்க். மேன் டெட்" என்றேன். வேய்னின் முகம் செக்கச் சிவந்தது. அவர் படகுக்கே சாபம் போடுகிறேன் என்று நினைத்துவிட்டார். படகிலிருந்து இறங்கி நேரே கார்லிடம் போனார். கார்ல் என் கையிலிருந்த அறுக்கும் மெஷினை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தார். மத்தியானத்துக்குள் நாலு மஞ்சள் நுரைக் கட்டிகள் சுவரோரப் பனியில் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் அக்காவைக் கூப்பிடுவது வழக்கம், அங்கே அப்போது சாயங்காலம். "சாப்பிட்டியா மக்கா?" என்றாள். இந்த முறை என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அத்தானுக்க வள்ளத்துல தெர்மாகோல் இல்ல. நான்தான் வெட்டினேன்."

"தெரியும் மக்கா. அது பொறவாசல்லதான் கெடக்கு. கொண்டு போட்ட அன்னைக்கே என்னதுன்னு கேட்டேன், சொன்னாரு. நானும் வேண்டாம்னு சொல்லல்ல. நீ எப்ப சொல்லுவேன்னுதான் இத்தன வருசமா பாத்துகிட்டு கெடக்கேன்." அழுதாளா என்று தெரியவில்லை. "வந்து அத அங்கேருந்து எடுத்து மாத்து. எனக்குத் தூக்க முடியல்ல."

தெர்மாகோல். ஒற்றைக் கையால் தூக்கலாம்.

திங்கட்கிழமை, பனியில் கிடந்த கட்டிகளைக் குப்பையில் போடும்படி கார்ல் சொன்னார். ஒன்றை எடுத்தேன். எடையே இல்லை. அதைக் குப்பைக்குக் கொண்டுபோகவும் மனமில்லை, படகில் திரும்ப வைக்கவும் வழியில்லை. அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டறைக்குள்ளே வேய்னின் படகில் மூடியை மட்டும் ஒழுங்காக நேரே வைத்திருந்தார்கள்.