பொருட்காட்சியில் காணாமல் போனவர்

என் கணவர் மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய கோடையில், நாங்கள் இருவரும் ஒரு சனி, ஞாயிறு தஞ்சாவூரில் போய்த் தங்கினோம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுகிற தூரம்தான். "இதுக்கா ரூம் போட்டுத் தங்குவாங்க?" என்று நாத்தனார் கேட்டார். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள்தான் போனிலேயே ரூமைப் பிடித்துக் கொடுத்தாள். "ரெண்டு பேரும் போயி சும்மா சுத்திட்டு வாங்கம்மா. அங்க வண்டியெல்லாம் வேணாம், எல்லாமே நடக்கிற தூரந்தான்," என்றாள். அவள் எதற்காக அதைச் செய்தாள் என்று எனக்குத் தெரியும். என் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பாள்.

கல்யாணமான மறு வருஷமே வெளிநாடு போனவர் அவர். லீவில் வருவார். வீட்டில் கறியும் மீனுமாக இருக்கும், சொந்தக்காரர்கள் வந்து போவார்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் இல்லாத மாதங்களில் எனக்கென்று ஒரு வாழ்க்கையை நான் அமைத்துக்கொண்டிருந்தேன். குத்தகைக்கு விட்ட நிலம், மகளின் படிப்பு, மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது, எல்லாம் நானே பார்த்தேன். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கதவைத் தாழ்போட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் வெறுந்தரையில் படுத்து, செல்போனில் ஏதாவது படம் பார்ப்பேன். அந்த நேரத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

இனி அவர் திரும்பிப் போகப்போவதில்லை என்றதும் பார்த்தவர்களெல்லாம், "இனிமே உனக்கு என்ன கவலை," என்றார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் கலக்கமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது? புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டார், அதுதான் கவலை என்றா சொல்ல முடியும்?

மஸ்கட்டில் அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வந்த முதல் வாரமே என் அடுப்படி அலமாரியில் இருந்த டப்பாக்களையெல்லாம் உயரவாரியாக அடுக்கிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெருங்காயம் எங்கே என்றுதான் தெரியவில்லை. நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தால், "எங்க கெளம்பிட்ட?" என்பார். அதட்டலாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்பார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மத்தியானங்களில் டி.வி. கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது நான் எங்கே போய்ப் படுப்பது? அடுப்படியிலேயே எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன்.

இந்த நிலைமையில்தான் தஞ்சாவூர் போனோம். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் மாடி ரூம். சனிக்கிழமை உச்சி வெயிலில் போய் இறங்கியவர்கள், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பிப் படுத்துக் கிடந்தோம். வெயில் தாழ்ந்ததும் பெரிய கோயிலுக்கு நடந்தோம். அவர் முன்னால் விறுவிறுவென்று போனார். மஸ்கட்டில் லீவு நாட்களில் தனியாகவே நடந்து பழகியவர். பின்னால் ஒருத்தி வருகிறாள் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வரும். நின்று திரும்பிப் பார்ப்பார். நான் போய்ச் சேர்ந்ததும் மறுபடி அதே வேகம்.

கோயிலுக்குள் கல்தரை அந்நேரத்திலும் சுட்டது. ஜனங்களோடு ஜனங்களாகப் புல்தரையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் புளிசாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். "வேணாம்," என்றேன். அவ்வளவுதான்.

ஒரு திடலில் கோடைப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். கோயிலிலிருந்து அதுவும் நடந்து போகிற தூரம்தான். ராட்டினம், வளையல் கடை, மிளகாய் பஜ்ஜி, தட்டை விடப் பெரிதாக டெல்லி அப்பளம், மரணக் கிணற்றில் பைக் உறுமுகிற சத்தம். உள்ளே நுழையும்போதே, "பாக்கெட்ல வெச்சா யாராவது உருவிடுவான்," என்று சொல்லித் தன் செல்போனை என் கைப்பையில் போட்டார். வளையல் கடையில் மகளுக்கு ஒரு ஜோடித் தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டுத் திரும்பினால் அவரைக் காணவில்லை.

முதலில் நான் கவலைப்படவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இலகுவாகக்கூட இருந்தது. ஒரு டெல்லி அப்பளம் வாங்கி, மிளகாய்ப் பொடியை நிறையத் தூவச் சொல்லி, நின்று நிதானமாகத் தின்றேன். பிறகுதான் தேடத் தொடங்கினேன். ராட்டினத்துப் பக்கம் இல்லை, மரணக் கிணற்றுப் படியில் இல்லை, நுழைவாயிலில் இல்லை. இருட்டிவிட்டது. கூட்டம் ஏறிக்கொண்டே போனது. போனோ என் பையில் கிடக்கிறது.

மைக்கில் அதுவரை காணாமல் போன பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கவுன் போட்ட பாப்பா, அழுதுகொண்டிருக்கிறது, அம்மா வரவும். அந்தக் குரலே அடுத்தபடியாக, "நீடாமங்கலம் பக்கத்துலேர்ந்து பச்சைப் புடவை கட்டிக்கிட்டு வந்திருக்கிற அம்மா, உங்க வீட்டுக்காரரு எங்க ஆபீஸ்ல உக்காந்திருக்காரு. எங்க இருந்தாலும் வந்து அழைச்சிக்கிட்டுப் போங்க," என்றது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் என் புடவையைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களத்தான் போலருக்கு," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்திருக்கிறார் என்றால் ஏன்? கூட்டத்தில் அலைந்து மயக்கம் வந்துவிட்டதா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளியபடி ஓடினேன். இந்த மனுஷன் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அத்தனை வருஷம் அதில்தானே இருந்தேன். ஆனால் அந்த ஓட்டத்தில் அந்த வீட்டை நினைக்கவே என்னால் முடியவில்லை.

தகரக் கொட்டகையில், மைக்குக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. அடுத்த நாற்காலியில் சிவப்புக் கவுன் பாப்பா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"ஒண்ணுமில்ல. உன்னத்தான் தேடித் தேடிப் பாத்தேன். ரூமுக்குப் போயிடலாம்னு பாத்தா லாட்ஜ் பேரு ஞாபகத்துக்கு வரல. உன் நம்பரும் மனப்பாடமா தெரியாது. அதான் இவங்ககிட்ட வந்து சொன்னேன்."

மைக் பிடித்தவர், "சார் ரொம்பப் பயந்துட்டாரும்மா," என்றார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவே இல்லை. அவரும் சிரித்தார். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

திரும்பி நடக்கும்போது அவர் முன்னால் போகவில்லை. மேல வீதி முனையில் சர்பத் குடிக்க நின்றோம். கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "வீட்லயும் எனக்கு இப்படித்தான் இருக்கு."

"எப்படி?"

"எது எங்க இருக்குன்னு தெரியல. யாரு வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு தெரியல. எல்லாம் உனக்குத்தான் தெரியுது. நான் என்ன செய்யணும்னு நீயும் சொல்ல மாட்டேங்கிற. மத்தியானத்துல நீ பாட்டுக்கு அடுப்படியிலயே நிக்கிற. நான் வந்தது உனக்குப் புடிக்கலியோன்னு நெனச்சேன்."

மழுப்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு சொல்லிவிட்டேன். மத்தியானம் எனக்குத் தனியாகப் படுத்துக் கிடக்க வேண்டும், அது இப்போது முடியவில்லை, அதைச் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று பயமாக இருந்தது என்றேன்.

அவர் தம்ளரைக் கடைப் பலகையில் வைத்தார். "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதாங்க."

"அதச் சொல்றதுக்கு என்ன? நான் அந்த நேரத்துக்கு வயப்பக்கம் போயிட்டு வருவேன். இல்லாட்டி கடைத்தெருவுல நின்னுட்டு வருவேன். எனக்கும் ஒரே எடத்துல உக்காந்திருக்க முடியலியே."

பெரிய வாக்குறுதி மாதிரியெல்லாம் அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் சில வாரங்களாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று, அந்தச் சர்பத் கடை வாசலிலேயே இறங்கிப் போய்விட்டது. அன்று ரூமில் படுத்ததும் தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்தபோது அவர் ரூமில் இல்லை. பூ மார்க்கெட் வரை நடந்துவிட்டு, ஒரு முழம் மல்லிகையும் லாட்ஜின் விசிட்டிங் கார்டுமாக வந்தார். கார்டைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். இட்லி சாப்பிடும்போது, "மத்தியானம் படத்துக்குப் போலாமா?" என்று நான் கேட்டேன். அவருக்கு சினிமா பிடிக்காது. "நீ போயிட்டு வா. நான் அரண்மனையப் பாத்துட்டு, அப்படியே சிவகங்கைப் பூங்காவுல மரத்தடியில படுத்திருக்கேன்," என்றார்.

தனியாகத் தியேட்டருக்குப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. பாப்கார்ன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, குளிரக் குளிர உட்கார்ந்து ஒரு பாழுங்கிணற்றுப் பேய்ப் படம் பார்த்தேன். இடைவேளையில் பக்கத்து சீட்டுப் பெண்கள் என்னையும் தங்கள் செட்டில் ஒருத்தியாக எடுத்துக்கொண்டு முறுக்கை நீட்டினார்கள்.

வெளியே வந்தபோது வெயில் மஞ்சளாக மாறியிருந்தது. எதிர்ச் சாரி நிழலில், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு அவர் காத்திருந்தார். "என்ன கதை?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் ஓர் அடி பின்னால் வந்து, கடலையை உரித்து என் கையில் கொடுத்தபடி கேட்டார். பேய் யாருடைய தங்கை என்பது அவருக்குப் புரியவே இல்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எங்கள் பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஹாரன் அடித்தது.

"போவட்டும், அடுத்ததுல போலாம்," என்றார். "அப்புறம் அந்தக் கெணத்துல என்ன இருந்துச்சு? அதச் சொல்லு."