கழுவிக் கொண்டுவந்த கேமரா

ராயபுரம் குணசேகரன் இருபது வருடமாகத் துறைமுகத்தில் கப்பல்களின் அடித்தட்டில் தேங்கும் கசடை அள்ளுகிறவர். எந்த நாற்றத்துக்கும் மூக்கைப் பொத்தியதில்லை. 2005இல் மலத்தில் ரத்தம் போய் ஆள் வெளுத்தார். எங்கிருந்து போகிறது என்று எந்தச் சோதனையிலும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை போன்ற கேமராவை விழுங்கவைத்து, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டினார்கள். சாயங்காலம் பெட்டியைக் கழற்றிக்கொண்ட நர்ஸ், "கேமரா தானா வெளிய வந்துடும், பாத்துக்கோங்க" என்றாள்.

துறைமுகத்தில் வாங்கிய கருவியைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்காமல் கேட்டைத் தாண்ட முடியாது. தவிர, படம் கேமராவுக்குள்தானே இருக்கும்? இரண்டு நாள் பழைய பெயிண்ட் வாளியில் மலம் கழித்து, குச்சியால் கிளறினார். குமட்டிக்கொண்டு வந்தது. மனைவி வேம்பு வாசலைத் தாண்டி வரவில்லை.

"இன்னாய்யா இது கலீஜு? கப்பல்ல அள்றது பத்தலையா?"

"ஊரான் அழுக்குன்னா அள்ளிட்லாம்மே. இது என்னுதாச்சே."

மூன்றாம் நாள், கழுவிய கேமராவை ஊறுகாய் பாட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நீட்டினார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இத யாரு கேட்டா? படமெல்லாம் அந்தப் பெட்டியிலதான் இருக்கு."

டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் சிறுகுடலைக் காட்டினார். ரத்தம் கசியும் புண் தெரிந்தது. மருந்திலேயே ஆறிவிடும் என்றார். கூட வந்திருந்த வேம்பு கிட்டப் போய்ப் பார்த்தாள். நாற்றமே இல்லாத அந்தத் திரைக்கு முன்னால், குணசேகரன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.