கேன் தண்ணீர் குடித்த பாசி

எம்.எஸ்சி. கடைசி வருஷத்தில் எங்கள் வீட்டு ஹால் ஜன்னலில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. உள்ளே பச்சையாய்க் கலங்கிய உப்புத் தண்ணீர். உப்பளத்திலிருந்து எடுத்து வந்த நுண்பாசி அதில் நீந்திக்கொண்டிருந்தது. கடலைவிடப் பல மடங்கு உப்பிலும் சாகாத ஜாதி. அது எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் எனக்கும் என் தோழிக்கும் புராஜெக்ட்.

கல்லூரி லேபில் வளர்த்ததெல்லாம் கெட்டுப்போய், மிஞ்சியது இந்த ஜாடி ஒன்றுதான். கார்த்திகை தீபத்துக்கு லீவு விட்டதும், மைக்ராஸ்கோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு, தீபமலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு இருக்கும் வேங்கிக்காலுக்கே கொண்டுவந்துவிட்டோம். இதுவும் போனால் அந்த வருஷம் புராஜெக்ட் இல்லை, டிகிரியும் இல்லை.

தோழி தன் அப்பாவை அத்தா என்பாள். அவருக்கு டவுனில் மளிகைக் கடை. பாசித் தண்ணீருக்கு அயோடின் கலக்காத கல் உப்பு அங்கிருந்துதான் வரும். "நீ படிக்கிறியா, ஊறுகா போடுறியா?"னு அவர் கேட்பாராம்.

தீபத்தன்று மதியம் அம்மா வாசல் உருளியில் பூ மாற்றித் தண்ணீர் ஊற்றினார். அப்படியே உள்ளே வந்தவர், ஜன்னல் ஜாடியிலும் தண்ணீர் கம்மியாக இருப்பதைப் பார்த்து, அதையும் நிரப்பிவிட்டார். பண்டிகை நாளில் எந்தப் பாத்திரமும் குறையாக இருக்கக் கூடாது அவருக்கு.

நான் பார்க்கும்போது ஜாடி விளிம்புவரை நிறைந்திருந்தது. இந்தப் பாசிக்குக் கெட்டியான செல் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும்தான். வெளியே உப்பு ஏறினால் உள்ளிருக்கும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். அதற்கு ஈடுகொடுக்கச் செல் கிளிசராலைத் தயாரித்து உள்ளே நிரப்பிக்கொள்கிறது. உதட்டு வெடிப்புக்குத் தடவுகிறோமே, அதே கிளிசரால். உள்ளே நுழையும் சோடியத்தைச் சவ்விலிருக்கும் புரதங்கள் ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. இப்படி உப்புக்கென்றே தயாராகி நின்ற செல்லைச் சுற்றித் திடீரென்று நல்ல தண்ணீர் வந்தால்? தண்ணீர் உள்ளே பாயும், செல் ஊதும், தாங்காவிட்டால் வெடிக்கும்.

தோழிக்கு போன் போட்டேன்.

"எவ்ளோடி ஊத்துனாங்க?"

"ஜாடி நெறய."

"சுத்தம்! உப்ப அள்ளிக் கொட்டிடாத. ஒரு அதிர்ச்சி போதும் அதுக்கு. நான் வரேன்."

தீபக் கூட்டத்தில் ஆட்டோ எதுவும் ஓடவில்லை. கூட்டத்துக்கு எதிராக நடந்தே வந்து சேர்ந்தாள், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி. "தமிழ்நாடே எதுக்க வருதுடி!"

அம்மா மோரை நீட்டினார். "நல்ல தண்ணிதாம்மா ஊத்துனேன். கேன் தண்ணி. போர் தண்ணிகூட இல்ல."

"அதான் ஆன்ட்டி பிரச்சினையே. போர் தண்ணின்னா கொஞ்சமாவது உப்பு இருந்திருக்கும்."

மைக்ராஸ்கோப்பில் வைத்த முதல் சொட்டில் வெடித்துச் சிதறிய துணுக்குகள்தான் தெரிந்தன. அவள் ஜாடியிலிருந்து அடுத்த சொட்டை எடுத்தாள். இரண்டாவது சொட்டில் போண்டா மாதிரி உப்பிய செல்கள். அசைவே இல்லை. ஸ்லைடை மெல்ல நகர்த்தினாள். ஓரத்தில் ஒன்று வாலை ஆட்டியது.

"இருக்குதுடி!"

உயிர் இருந்தால் மட்டும் போதாது. உப்பிய செல் பழைய உருவத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் கிளிசராலைக் குறைத்து, மாவுச்சத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதைச் செய்கிறதா என்று சொட்டுச் சொட்டாக எடுத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். காபி ஆறிப்போனது. இப்போது அவள் கடலோர ஊர் ஒன்றில் பெரிய லேபில் இருக்கிறாள், நான் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால். அப்படி ஒரு சாயங்காலம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

மலை உச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்கள். தெரு மாடிகளிலெல்லாம் "அரோகரா". மேலேயிருந்து அம்மா எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "வருஷத்துக்கு ஒரு தடவடி, வாங்கடி!"

"இரு, குண்டு குறையுது," என்றாள் தோழி, கண்ணை எடுக்காமல். அப்புறம் எனக்கு இடம் விட்டாள்.

குனிந்து பார்த்தேன். உருண்டையாக இருந்தவை நீண்டு, பேரிக்காய் மாதிரி ஒரு பக்கம் குறுகியிருந்தன. இரண்டிரண்டு வாலையும் அடித்துக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

அதற்கப்புறம்தான் ரெண்டு பேரும் மாடிக்கு ஓடினோம்.