இன்னும் நாற்பது பேர்

என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஃபாலோயர் பைத்தியம் பிடித்தது. சர்க்கரை வந்திருந்தாலாவது மாத்திரை இருக்கிறது. வெளியூரில் வேலைக்குப் போன மகள் நல்ல கேமரா உள்ள போன் ஒன்றை வாங்கி அனுப்பி, "அப்பா, நம்ம தோட்டத்தைப் படம் புடிச்சுப் போடுங்க, மிளகு வாங்க நேரா ஆளுங்க வருவாங்க" என்றாள். அதில் மிளகை அவர் அன்றைக்கே மறந்துவிட்டார். ஆளுங்களை மட்டும் பிடித்துக்கொண்டார்.

மலைமேல், திண்ணனூர் நாட்டில் எங்கள் தோட்டம் இருக்கிற சரிவில் டவர் கிடைக்காது. கிணற்றுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு வரும். களத்து மிளகைக் கோழி கிளறினாலும் சரி, மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் சரி, மனுஷன் பாறைமேல்தான் இருப்பார். "முன்னூத்திப் பன்னெண்டு!" என்று அங்கிருந்தே கத்துவார். மறுநாள் முகம் செத்துப்போய் இறங்கி வருவார். "ரெண்டு பேரு போயிட்டாங்க அம்மிணி." அந்த இரண்டு பேர் எந்த ஊர், கறுப்பா சிவப்பா, ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. நான் காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தபோதுகூட அவர் அப்படிச் சாப்பிடாமல் இருந்ததில்லை.

பனியைப் படம் பிடித்தார், பலாவைப் பிடித்தார், என் கையை மட்டும் காட்டி ரசம் வைக்கச் சொன்னார். இரண்டு வருஷம் ஆகியும் முன்னூத்திச் சொச்சத்தைத் தாண்டவில்லை. அப்படியே தாண்டாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் பக்கம் மிளகு பறிப்புக்கு ஆள் மாற்றிக்கொள்வது வழக்கம். நாலு நாள் நம் தோட்டத்தில் அவர்கள் வந்து பறித்தால், அடுத்த நாலு நாள் அவர்கள் தோட்டத்தில் நாம் போய்ப் பறிப்போம். எங்களுக்கு மாற்றாள் பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் அவர் சம்சாரமும். அண்ணனைப்போல ஏணி ஏற இந்தச் சரிவில் ஆளில்லை. ஏணி என்றால் ஒற்றை மூங்கில்தான். கணுவில் கிளையை ஒட்ட வெட்டாமல் நாலு விரல் விட்டிருப்பார்கள், அதுதான் படி. அதை மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகில் சாக்குப்பையோடு உச்சிவரை போய்விடுவார். அறுபது வயது. நிச்சயதார்த்தமோ வரப்புத் தகராறோ, அவர் வந்து உட்காராமல் எங்கள் ஊரில் பேச்சு தொடங்காது.

இந்தத் தை மாதம், ஒரு புதன்கிழமை, எங்கள் தோட்டத்தில் முதல் நாள் பறிப்பு. என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையில் போனைத் தூக்கியிருந்தார். அண்ணன் இறங்கும்போது ஏணி லேசாகப் புரண்டது. ஆள் உயரத்திலிருந்து சறுக்கி, நின்றபடியே தரைக்கு வந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. வேட்டி மட்டும் மேலே கணுவில் மாட்டிக்கொண்டு கொடிபோல ஆடியது. கோடுபோட்ட பட்டாபட்டி டிராயரோடு, தலையெல்லாம் மிளகுக் கொத்தாக அண்ணன் நின்றார். நான் சிரித்தேன். அவர் சம்சாரம் சிரித்தார். அண்ணனும் சிரித்துக்கொண்டே, "வேட்டிய எடுத்துக் குடு மாப்ளே, அப்பறம் பல்லைக் காட்டலாம்" என்றார். சிரிப்பு அந்த மரத்தடியோடு முடிந்திருக்க வேண்டியது.

சாயங்காலமே என் வீட்டுக்காரர் தான் பிடித்த அந்தப் படத்துக்கு டொய்ங் டொய்ங் என்று ஒரு மேளத்தைச் சேர்த்துப் போட்டுவிட்டார். வியாழக்கிழமை காலை பாறைமேலிருந்து விசில் சத்தம் கேட்டது. ஃபாலோயர் இரண்டாயிரம் பேர். மத்தியானம் நாலாயிரம். அண்ணனிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் மரத்தில் ஏறி எங்கள் மிளகைப் பறித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அழிச்சுப் போடுங்க" என்றேன்.

"பத்தாயிரம் ஆவட்டும். அப்பறம் அழிச்சர்றேன்."

"ஞாயித்துக்கெழம அண்ணன் சோளக்காட்டுச் சந்தைக்கு வாழத்தார் கொண்டு போவாரு. அங்க எவனாச்சும் காட்டிப்போட்டா?"

"அதுக்குள்ள ஆயிரும் அம்மிணி."

பத்தாயிரம் ஆனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. பத்தாயிரம் பேரில் ஒருத்தனுக்காவது ஏணி பிடிக்கத் தெரியுமா என்றும் கேட்டேன். அவர் போனைத் துடைத்தார். இதில் எல்லாப் பழியையும் அவர்மேல் போட்டுவிட்டு நான் நல்லவளாகிவிட முடியாது. அந்தப் போனைத் திறக்க எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போனபோது எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனேன். எட்டாயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து கூடியது. அழிக்கவில்லை. என்ன எழவோ, இன்னும் எவ்வளவு ஏறும் என்று பார்க்கத் தோன்றியது. அந்த நினைப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிறு காலை பாறையடியில் போய் நின்று மறுபடி கேட்டேன். "இன்னும் நாப்பது பேர்தான் அம்மிணி, நாப்பதே நாப்பது" என்றார். அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. அண்ணன் ஏறிய பஸ்ஸிலேயே நானும் ஏறினேன். கூடப் போய் என்ன செய்ய நினைத்தேனோ தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

சோளக்காட்டில் தாரை இறக்கி வைத்ததுமே பழக்கடைக்காரர் அண்ணனைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அண்ணன் கவனிக்கவில்லை. டீ குடிக்கப் போனோம். மலை சுற்ற வந்த இளவட்டங்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள். "தாத்தா, பட்டாபட்டி தாத்தா நீங்கதானே? ஒரு செல்பி!"

அண்ணன் புரியாமல் அவர்களுக்கு நடுவே சிரித்தபடி நின்றார். இன்னொருவன் போனை நீட்டி அந்தப் படத்தையே காட்டினான். நான் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் முழுவதையும் பார்த்தார். முடிந்து தானாக மறுபடி ஓடியது, அதையும் பார்த்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே ஒரு பொம்பளை கெக்கெக்கே என்று சிரிப்பது கேட்டது. அது என் சிரிப்பு.

"இது உங்க தோட்டந்தானுங்களே அம்மிணி?" என்றார்.

"ஆமாங்கண்ணா" என்றேன்.

அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு, "கொஞ்சம் வேல இருக்குது, நீங்க பஸ்ஸுக்குப் போங்க" என்று துணிக்கடைப் பக்கம் நடந்தார்.

நான் வீடு வந்தபோது என் வீட்டுக்காரர் பாறையிலிருந்து துள்ளிக்கொண்டு இறங்கினார். பத்தாயிரம் ஆகிவிட்டதாம், சொன்ன சொல் தவறாமல் அழித்தும்விட்டாராம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அதற்குள் ஆளாளுக்கு எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டு, தப்பு நடந்துபோச்சு என்றார். அண்ணன், "அட உடுங்க, நாளைக்கி நேரத்துல வந்துருங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அவர் தோட்டத்தில் எங்கள் முறை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். மரத்தடியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். புதுப் பேண்ட் போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. பிறந்ததிலிருந்து வேட்டியில் ஏறிய மனுஷனுக்கு முழங்கால் மடங்கவில்லை. ஒவ்வொரு கணுவிலும் துணியைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் அடுத்த காலைத் தூக்க வேண்டியிருந்தது.

"வேட்டியே கட்டிக்கலாமுங்களே" என்றேன்.

"இல்லீங்க அம்மிணி, இது இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தலையைத் தூக்கவே இல்லை. அண்ணன் கணுவுக்குக் கணு நின்று, குனிந்து எங்கள் கைகளைப் பார்த்தார். என் கையில் கூடைதான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவருக்குக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரு கணு ஏறினார். ஏறி நின்று, மறுபடியும் கீழே பார்த்தார்.