கிங் படிந்த கண்ணாடி

திரை அணைந்தபோது தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த விசிறியை என்னால் மறக்க முடியவில்லை. தல்லாகுளத்தில் ஒரு தையல்கடைக்கு மாடியில் இருந்த வீடியோ கேம் கடை அது. நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு விண்கலம் இருக்கும்; மேலேயிருந்து பூச்சி பூச்சியாக எதிரிகள் இறங்குவார்கள்; சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எதற்கும் உதவாத என் கட்டைவிரலில் அன்றைக்கு ஏதோ தெய்வம் இறங்கியிருந்தது. கடைசிக் கலமும் வெடித்துச் சிதறியபோது, பட்டியலின் உச்சியில் இருந்த எண்ணை நான் தாண்டியிருந்தேன். பெயருக்கு மூன்று எழுத்து போடச் சொல்லி மெஷின் கேட்டது. முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன். இரண்டாவதைத் தேடிக் குச்சியைத் திருப்புகிறபோது திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி, அந்தப் புள்ளியும் போய்விட்டது. "கரண்டு போச்சுப்பா" என்றார் கடைக்காரர். அவர் கை சுவிட்ச் போர்டில் இருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, டேப் ரிக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது, பக்கத்து மெஷினில் எவனோ கார் ஓட்டிக்கொண்டிருந்தான். கரண்டு எனக்கு மட்டும் போயிருந்தது.

எங்களுக்கு அவர் கிங் அண்ணன். ஆங்கிலத்தில் கிங் என்று முழுதாகப் போட்டுக்கொள்ளத்தான் அவருக்கு ஆசை. மெஷின் மூன்று எழுத்துக்கு மேல் இடம் தராது. அதனால் நடுவிலிருந்த 'ஐ'யைக் கழற்றிவிட்டு கே, என், ஜி என்று போட்டுக்கொண்டார். அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. அணைத்துவிட்டால் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதையெல்லாம் மறந்துவிட்டு, பெட்டியைச் செய்தவன் போட்டுக் கொடுத்த பட்டியலைத்தான் காட்டும். ஆகவே தினமும் கடை திறந்ததும் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டு அவர் முதல் ஆட்டம் ஆடுவார். தன் பெயரை உச்சியில் ஏற்றி வைத்த பிறகுதான் எங்களை உள்ளே விடுவார். கடை சாத்தும் வரை அது அங்கேயே எரிந்துகொண்டிருக்கும். அவரை யாராவது தாண்டினால் என்ன ஆகும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்த பெருமை என்னைச் சேரும். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்காக ஒருவனும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் அங்கே மறுபடி விளையாட வேண்டியிருந்தது. எனக்கும்தான். மறுநாள் போய் வரிசையில் நின்றேன். அவர் என் தலையைத் தட்டி, வா மாப்ள என்றார்.

மன்னிப்பைப் பற்றி என் அலமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகம் இருக்கிறது. முக்கியமான இடங்களில் பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன். எங்கள் வரப்பைத் தள்ளிப் போட்ட சித்தப்பாவை மன்னித்திருக்கிறேன். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வை இன்னொருவருக்குக் கொடுத்த மேலதிகாரியின் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். கிங்கை மட்டும் முடியவில்லை. விஷயம் சின்னது என்பதுதான் காரணம். பெரிய துரோகம் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, அம்புட்டுத்தானா என்பார்கள். வெளியே சொல்ல முடியாத பகை ஊறுகாய் மாதிரி, மூடி வைக்க வைக்க ஏறும்.

போன வருடம் பசுமலைப் பக்கம் பழைய சாமான் விற்கிற ஒரு கொட்டகைக்குப் புத்தக அலமாரி தேடிப் போனேன். கழற்றிப் போட்ட கட்டில் கால்களுக்கு நடுவே ஒரு வீடியோ கேம் பெட்டி நின்றது. அந்த மாதிரிப் பெட்டிகள் ஊரில் நிறைய இருந்தவைதான். சும்மா கைக்குட்டையால் திரைத் தூசியைத் துடைத்தேன். செத்துப்போன கண்ணாடி. அதற்குள்ளே, ஆறிய தழும்பு மாதிரி, மங்கலாக மூன்று எழுத்து. கே, என், ஜி. வருடக் கணக்கில் ஒரே இடத்தில் ஒரே பெயர் எரிந்து எரிந்து திரையிலேயே படிந்துபோயிருந்தது. அலமாரியை மறந்தேன். பெட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றி நாகமலை புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து கார் ஷெட்டில் இறக்கினேன். மனைவி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இதில் புத்தகத்தை எங்கே வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

டவுனிலிருந்து ஒரு டிவி மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தேன். கையைவிட வாய் வேகமாக வேலை செய்கிற மனிதர். சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், புகைதான் வந்தது. பின்பக்கத்தைத் திறந்து, பிக்சர் டியூபில் மிச்சமிருந்த கரண்டை ஸ்குரூடிரைவரால் இறக்கினார். 'டப்' என்றது. நான் பின்னால் குதித்ததில் அவருக்கு ரொம்ப திருப்தி. டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கிற எல்.ஓ.டி. போய்விட்டது, கண்டென்சர்கள் காய்ந்துவிட்டன, அதையெல்லாம் மாற்றிவிடலாம் என்றார். "ஆனா இந்த டியூப்பு வேணாம்ணே. உள்பூச்சு எரிஞ்சு எழுத்து படிஞ்சுபோச்சு, எம்புட்டுத் தொடச்சாலும் போகாது. நம்மகிட்ட ஒரு பழைய டிவி டியூப்பு கெடக்கு, அதப் போட்டா பளிச்சுனு இருக்கும்." வேண்டாம், இதே டியூப்தான் உயிரோடு வர வேண்டும் என்றேன். அவர் என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் பேரு உங்களுக்கு வேண்டியவங்களா?" ஆமாம் பாய், ரொம்ப நெருக்கம் என்றேன்.

டியூபை மாற்றினால் கிங் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுவார். அதற்குப் பெயர் துப்புரவுப் பணி, பழிவாங்கல் இல்லை. அவர் அங்கேயே கிடக்க வேண்டும், அவர்மேல் நான் ஏறி உட்கார வேண்டும், அதை அவர் வந்து பார்க்க வேண்டும். அவர் பெயர் படிந்த அதே இடத்தில் என் மூன்று எழுத்தை எரியவிட்டு எரியவிட்டு, ஒருநாள் அவரை மூடிவிட வேண்டும். திட்டத்தில் குறையில்லை, விரல்கள்தான் பழையபடி இல்லை. முதல் மாதம், செய்தவன் போட்டுக் கொடுத்த பட்டியலில் கடைசி இடத்தைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பைஃபோகல் கண்ணாடியின் எந்தப் பாதி வழியாக எதிரியைப் பார்ப்பது என்று தெரியாமல் தலையை ஆட்டி ஆட்டிச் சுட்டேன். தூரத்திலிருந்து பார்த்த பக்கத்து வீட்டுப் பேராசிரியர், பஜனை பழகுகிறேன் என்று நினைத்திருக்கிறார். கடைசியில் ஒரு சனிக்கிழமை உச்சியைப் பிடித்தேன். முப்பது வருடமாக அந்தரத்தில் நின்ற இரண்டாவது எழுத்தையும் மூன்றாவதையும் போட்டேன். கரண்டு போனால் எல்லாம் போய்விடுமே என்று பெட்டிக்கு ஒரு யு.பி.எஸ். வாங்கி வைத்தேன். ஃபிரிட்ஜுக்கு இல்லாத யு.பி.எஸ்.ஸா என்று மனைவி கேட்டாள்.

பிறகு கிங்கைக் கூப்பிட்டேன். தேடிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். பசுமலையில் அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது எனக்கு எப்போதுமே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அறுபதைத் தாண்டிவிட்டார், தலை பஞ்சாகிவிட்டது. பெட்டியைப் பார்த்ததும் மாட்டைத் தடவுவது போலத் தடவினார். நான் நேராகவே கேட்டேன்: அன்றைக்கு வேண்டுமென்றுதானே அணைத்தீர்கள்? மறந்துவிட்டது என்பார் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்புக் கேட்டால் என்ன முகம் காட்டுவது என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

"பின்ன?" என்றார். "ஜெயிச்சவன் அத்தோட போயிருவான் மாப்ள. தோத்தவன்தான் மறுநா வருவான். நீ வரலயா?"

திரையைக் காட்டினேன். உச்சியில் என் மூன்று எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். "அடியில என் பேரு தெரியுதுல்ல?" என்றார். "வெளிச்சத்துல சரியாத் தெரியல, இரு." அவர் கை தானாகப் பக்கவாட்டில் போய், யு.பி.எஸ்.ஸின் பொத்தானை அமுக்கிவிட்டது. திரை புள்ளியாகச் சுருங்கியது. இருட்டிய கண்ணாடியில் கே, என், ஜி தெளிவாக எழுந்து நின்றது. அவர் பெங்களூரில் இருக்கிற மகளை வீடியோவில் கூப்பிட்டார். "பாரு பாப்பா, அப்பா பேரு. இம்புட்டு வருஷம் ஆச்சு, அழியல பாரு." மகள் என்னிடம் நன்றி சொன்னாள். நான் கும்பிட்டேன். அவர் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எதிரிக்கு என் சொந்தச் செலவில் மணிமண்டபம் கட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாளே பாயைக் கூப்பிட்டு டியூபை மாற்றச் சொன்னேன். அவர் சொன்னது சரிதான், மாற்றிப் போட்ட டியூப் பளிச்சென்று இருந்தது. அதில் யாருமே இல்லை. அடுத்த வாரம் கிங் போன் செய்தார். தீபாவளிக்கு மகள் வருகிறாள், பேரப்பிள்ளைகளோடு அந்தக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். டியூப் மாற்றியாகிவிட்டது என்றேன். "பழசு எங்க மாப்ள? நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றார். முன்கூட்டி யோசிக்காமலே எனக்கு வந்தது: "பழைய இரும்புக்காரன் வண்டில போட்டு விட்டுட்டேண்ணே. எந்தக் கடைக்குப் போச்சோ தெரியல." டியூப் அப்போது ஷெட்டில், என் முழங்காலுக்குப் பக்கத்தில், சாக்கு போர்த்திக்கொண்டு இருந்தது.

அதன் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. பாய்தான் சொன்னார், யாரோ ஒரு பெரியவர் எழுத்து படிந்த டியூப் வந்ததா என்று கடை கடையாகக் கேட்கிறாராம். போன வாரம் நானே பார்த்தேன். பைபாஸ் ஓரத்தில் ஒரு காயலான் கடை வாசல். மத்தியான வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து, அடுக்கிக் கிடந்த பழைய டியூபுகளை ஒவ்வொன்றாக வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தை ஒட்டி வைத்துப் பார்ப்பார். தள்ளிவிட்டு அடுத்ததை இழுப்பார். நான் வண்டியை ஓரம்கட்டினேன். போய்ச் சொல்லிவிடலாம் என்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றினேன். அவருக்கு முன்னால் இன்னும் பத்துப் பதினைந்து டியூப் பாக்கி இருந்தது. பார்த்து முடிக்கட்டும் என்று திரும்ப மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டுக்குப் போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்தேன். கே, என், ஜி. பொட்டுத் தூசி இல்லை. வாரம் தவறாமல் நான்தான் துடைத்து வைக்கிறேன்.